நாடகம் படிப்பதா, படித்துக்கொண்டே நாடகம் செய்வதா?

பள்ளியை முடிக்கும் தறுவாயில் பிள்ளை “நாடகம் படிக்கப் போகிறேன்” என்று சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி, “படித்துவிட்டு என்ன செய்வாய்?” என்பதுதான். அந்தக் கேள்வியில் தப்பில்லை. பெற்றவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் அதற்குப் பதில் தேடுவதற்கு முன்பே, படிக்கப் போகிறவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாடகத்துக்குள் நான் செய்ய விரும்பும் வேலை எது? அதைக் கற்க எனக்கு யாரெல்லாம் வேண்டும்?

கணக்கைத் தனியாக உட்கார்ந்து போடலாம். நாவலைத் தனியாக வாசிக்கலாம். நாடகத்தைத் தனியாகப் பழக முடியாது. எதிரே நின்று வசனம் சொல்ல ஒருவர் வேண்டும், வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், விளக்கைப் போட ஒருவர் வேண்டும், கடைசியில் வந்து உட்கார்ந்து பார்க்கச் சிலராவது வேண்டும். இத்தனையும் ஒரே கூரையின் கீழ் பதினெட்டு வயதில் கைக்கு எட்டும் இடம் கல்லூரி. அதை விட்டு வெளியே வந்தபின் ஒத்திகைக்கு ஓர் அறை பிடிப்பதும், நான்கு பேரை ஒரே மாலையில் ஒன்று சேர்ப்பதும் எவ்வளவு பாடு என்பது குழு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அதனால் எந்தப் படிப்பை எடைபோட்டாலும் நான் தராசில் வைப்பது ஒரே படிக்கல்தான்: இங்கே சேர்ந்தால், படிப்பு முடிவதற்குள் எத்தனை முறை முன்பின் தெரியாத பார்வையாளர்களுக்கு முன்னால் ஒரு நாடகத்தின் ஏதோ ஒரு பகுதிக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்கள்? பட்டத்தின் பெயர், கட்டடத்தின் அழகு, சுவரில் தொங்கும் முன்னாள் மாணவர்களின் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பி.ஏ. வழியாக வந்தவள். சில ஆண்டுகள் மேடை நிர்வாகியாக வேலை பார்த்தேன், இப்போது இளநிலை மாணவர்களோடு ஒத்திகை அறையில் இருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப்போகத் தெரிந்துவிடும். அதை மறைக்கப் போவதில்லை.

எழுத்துகளை நம்ப வேண்டாம்

வழிகள் ஏறக்குறைய நான்கு. பரந்த கலைப் படிப்புக்குள் நாடகத்தை முதன்மைப் பாடமாக எடுக்கும் பி.ஏ. நடிப்பிலோ இசை நாடகத்திலோ தொழில்முறைப் பயிற்சி தரும் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலைப் பட்டம்) அல்லது கன்சர்வேட்டரி எனப்படும் கலைப் பயிற்சிப் பள்ளி. ஒளி, ஒலி, அரங்க அமைப்பு, உடை, மேடை நிர்வாகம் என்று மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலைகளுக்கான படிப்பு. கடைசியாக, வேறொரு பாடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு நாடகத்தை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்வது.

பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். லண்டனில் 1904-இல் தொடங்கிய ராடா என்ற நாடகப் பள்ளி நடிப்புக்குக் கொடுப்பது மூன்றாண்டு பி.ஏ. பட்டம்தான். ஆனால் உள்ளே நடப்பது முழுநேரத் தொழில்முறைப் பயிற்சி. அமெரிக்காவில் அதே அளவு பயிற்சிக்குப் பி.எஃப்.ஏ. என்று பெயர், நான்கு ஆண்டுகள். அங்கே பி.ஏ. என்றால் நாடகத்தோடு வரலாறு, மொழி, அறிவியல் எல்லாம் சேர்ந்த படிப்பு. ஆகவே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எந்த வகுப்பு என்று போட்டிருக்கும் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அது பொய் சொல்லாது.

உடம்பை ஒப்படைக்கிற படிப்பு

அமெரிக்க நான்காண்டுப் பட்டம் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) கொண்டது. பி.எஃப்.ஏ.வில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாடகத்துக்கே போய்விடும். பி.ஏ.வில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிற்கும். தாளில் இது வெறும் விகிதம். அன்றாட வாழ்க்கையில் இதன் பொருளே வேறு. காலையில் உடல் அசைவு, அடுத்து குரல், அடுத்து நடிப்பு, மதியம் பேச்சும் பிரதி ஆய்வும், மாலை ஆறு மணிக்கு மேல் ஒத்திகை. வாரத்தில் ஐந்தாறு நாள் இப்படி, அதே பதினைந்து இருபது முகங்களோடு. அவர்களில் ஒருவரைப் பிடிக்காமல் போனாலும் நான்கு ஆண்டும் அவரோடுதான்.

கார்னகி தொழில்நுட்பப் பள்ளி, இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகம், 1914-இல் நாடகத்துக்குப் பட்டம் வழங்கும் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் அதுவே முதல். நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியில் நாடகப் பிரிவு 1968-இல் வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் ஓர் ஆண்டுக்கு எடுப்பது மிகச் சிலரை. எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்குக் காரணம் கெடுபிடி மட்டுமல்ல. ஒரு ஆசிரியர் ஒரு மாணவரின் முதுகெலும்பைப் பார்த்துத் திருத்த முடிகிற அளவுக்குத்தான் வகுப்பு இருக்க முடியும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை போதும். ஃப்ரெடெரிக் மத்தையாஸ் அலெக்ஸாண்டர் என்பவர் 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதைகளும் நாடகப் பகுதிகளும் சொல்வது தொழில். நிகழ்ச்சிகளின்போது அவருக்குக் குரல் கம்மிப் போக ஆரம்பித்தது. மருத்துவர்கள் பார்த்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், குரல் வந்தது, மேடை ஏறியதும் மறுபடி போனது. அப்படியானால் மேடையில் நான்தான் ஏதோ செய்கிறேன் என்று கண்ணாடிகளை வைத்துத் தன்னைத் தானே பார்க்கத் தொடங்கினார். பேச வாயெடுக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்து, குரல்வளையை அழுத்துவது தெரிந்தது. அதை விடுவதற்கு அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. அவர் கண்டுபிடித்த முறைதான் இன்று ராடா, ஜூலியார்ட் உட்படப் பல நடிப்புப் பள்ளிகளில் அலெக்ஸாண்டர் பயிற்சி என்று கற்றுத் தரப்படுகிறது.

நம் உடம்பின் பழக்கம் நமக்கே தெரியாது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. காணொளி பார்த்து மனப்பாடம் செய்யலாம், உச்சரிப்பைக்கூட ஓரளவு திருத்திக்கொள்ளலாம். ஆனால் மூச்சை எங்கே பிடிக்கிறோம், பயந்தால் தோள் எங்கே ஏறுகிறது என்பதை இன்னொருவர் தினமும் பார்த்துச் சொன்னால்தான் மாறும். தொழில்முறைப் பயிற்சியின் உண்மையான சொத்து அந்தத் தினசரிக் கண். இசை நாடகத்துக்குப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. நடனமும் பாட்டும் உடம்பில் ஏற வேண்டிய வயதை இருபத்தைந்துக்குத் தள்ளிப்போட்டால் சிரமம் கூடும்.

இனி இந்தப் பாதையில் முள் இருக்கும் இடங்கள்.

சேருவதே பெரிய பாடு. ராடாவின் முதல் சுற்றுக்கு ஷேக்ஸ்பியர் காலத்துப் பகுதி ஒன்றும் தற்கால நாடகத்திலிருந்து ஒன்றும் கேட்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பல, முதலில் காணொளி அனுப்பச் சொல்லி வடிகட்டுகின்றன. அதன்பின் நேரில் ஆடிஷன். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிப்பேச்சுகள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிடம். ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகள் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகின்றன. அன்று தேறாதவருக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஆண்டு அந்தக் குழுவுக்கு எந்த வயதுத் தோற்றம், எந்தக் குரல் தேவைப்படுகிறது என்பதும் தேர்வில் சேர்ந்தே இருக்கிறது.

இன்னொன்றைச் சேர்ந்தபின்தான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். சில தொழில்முறைப் பள்ளிகளில் முதலாண்டு மாணவர்களைப் பொதுமக்கள் பார்க்கும் நாடகத்தில் ஏற்றவே மாட்டார்கள். பழைய பழக்கங்களைக் கழற்றிவிட்டுத்தான் மேடை என்பது அவர்கள் கொள்கை. கொள்கையில் நியாயம் உண்டு. ஆனால் பள்ளியில் எல்லா நாடகத்திலும் நாயகனாக நின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த ஓராண்டு கடுமையானது. முதலாண்டோ இரண்டாம் ஆண்டோ முடியும்போது ஒரு பகுதி மாணவர்களை வெளியேற்றும் முறையும் சில இடங்களில் இருந்து வந்திருக்கிறது. பயிற்சி என்ற பெயரில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கும் அந்த முறையை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஒருவரையொருவர் நம்பினால்தான் மேடையில் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும். விண்ணப்பிப்பதற்கு முன்பே, “இடையில் நீக்கும் வழக்கம் உண்டா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

மூன்றாவது முள்தான் ஆழமானது. இருபது வயதில் மனம் மாறினால் என்ன செய்வது? நடிகராக வந்தவர் எழுத விரும்பலாம், இயக்க விரும்பலாம், நாடகத்தையே விட விரும்பலாம். மூன்றில் இரண்டு பங்கு கிரெடிட்டை நடிப்பில் போட்டுவிட்ட பிறகு வேறு பாடத்துக்கு மாறினால் பெரும்பாலும் ஓராண்டாவது கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பரந்த படிப்பும் அதன் மறைவான பாடமும்

பி.ஏ.வைப் பற்றி ஒரு குறை எப்போதும் சொல்வார்கள்: “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம், எதுவும் முழுசாக இல்லை.” ஒரு விஷயத்தில் அது சரிதான். வாரத்துக்கு இரண்டு முறை நடக்கும் குரல் வகுப்பு, தினசரிப் பயிற்சிக்கு ஈடாகாது. நடிப்பை மட்டுமே குறிவைத்தவருக்கு இங்கே பசி தீராது.

ஆனால் ‘எல்லாம் கொஞ்சம்’ என்பது என்ன என்று பாருங்கள். நாடக வரலாறு என்றால் கிரேக்கத் துன்பியல், நாட்டிய சாஸ்திரம், ஜப்பானின் ‘நோ’ என்ற மரபு நாடகம், 1898-இல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் சேர்ந்து தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கு, அதை எதிர்த்து உடலசைவையே அடித்தளமாக்கிய மேயர்ஹோல்டு, பிறகு ஜெர்மனியின் பிரெக்ட், போலந்தின் க்ரோடோவ்ஸ்கி. இவற்றை வெறும் பெயர்களாகப் படித்தால் தேர்வோடு போய்விடும். மாலையில் ஒத்திகைக்குப் போகிறவர் படித்தால் அப்படிப் போகாது. ஒரு காட்சி நகராமல் நிற்கும்போது, உணர்ச்சியிலிருந்து தொடங்குவதா, உடம்பிலிருந்து தொடங்குவதா என்ற பழைய சண்டை அன்றைக்கு அறையில் உண்மையாகவே நடக்கும்.

நல்ல பி.ஏ. துறைகள் எல்லா மாணவர்களையும் எல்லா வேலையும் செய்ய வைக்கும். நடிகராக வேண்டும் என்று வந்தவரும் ஒரு பருவம் பட்டறையில் பலகை அறுக்க வேண்டும், இன்னொரு பருவம் உடைப் பிரிவில் ஊசி பிடிக்க வேண்டும், ஒரு நாடகத்துக்காவது ஒலி இயக்க வேண்டும். இதைத்தான் மறைவான பாடம் என்கிறேன். நாடகம் என்ற மொத்த உடம்பு எப்படி அசைகிறது என்பது தெரிந்துவிட்டால், உங்கள் இடம் எங்கே என்பதும் தெரியத் தொடங்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. நடிக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். முதல் இரண்டு ஆண்டும் நான் இருந்த துறையில் நல்ல பாத்திரங்கள் எல்லாம் இறுதியாண்டு மாணவர்களுக்கே போயின. ஆறு ஆடிஷனுக்குப் போய் ஆறிலும் பெயர் வராமல் திரும்பிய வருத்தம் இன்றும் நினைவிருக்கிறது. கொஞ்சம் பேரையாவது சுழற்சியில் நடிக்க வைத்திருக்கலாம், அதற்கான அறையும் நேரமும் அங்கே இருந்தன. ஏழாவது நாடகத்தில், ஆள் இல்லை என்று பிரதியைக் கையில் கொடுத்து மேடை நிர்வாகியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் காட்சியன்று இருட்டில் அவர் விளக்கு இயக்குபவரிடம் தாழ்ந்த குரலில் “தயார்... போ” என்றார். மேடையில் விடிந்தது. அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருந்த மௌனத்தில் என் வேலை எதுவென்று முடிவாகிவிட்டது. நடிப்புக்கென்றே அமைந்த படிப்பில் சேர்ந்திருந்தால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

இயக்கம், நாடக எழுத்து, பிரதி ஆய்வு, நாடகக் கல்வி ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பி.ஏ. நிச்சயம் பொருத்தமானது. பத்தொன்பது வயதில் நாடகம் எழுதுகிறவருக்குத் தேவைப்படுவது உலகத்தைப் பற்றிய அறிவு. பொருளாதாரமோ உயிரியலோ ஒரு பாடம் எடுத்தால் அதிலிருந்தே ஒரு நாடகம் வரலாம்.

மேடைக்குப் பின்னால்

நாடகப் படிப்பு என்றதும் வீட்டிலுள்ளவர்கள் கண்முன் வருவது நடிகர் மட்டும்தான். விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறார்கள். இந்த மூன்றாவது வழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானாகவே விரிவாகச் சொல்கிறேன்.

1903 டிசம்பர் 30, சிகாகோவின் இராகுவா அரங்கில் பகல் காட்சி. விடுமுறைக் காலம், குழந்தைகள் நிறைந்த கூட்டம். ஒரு மேடை விளக்கிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியது. தீயைத் தடுக்க இறக்க வேண்டிய திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன, சிலவற்றைத் திறக்கும் விதமே மக்களுக்குத் தெரியவில்லை. 602 பேர் இறந்தார்கள். திறந்து சில வாரங்களே ஆன புத்தம்புது அரங்கம் அது. அதன்பிறகுதான் பல ஊர்களில் அரங்கக் கதவுகள், தீத்திரைகள், வெளியேறும் வழிகள் பற்றிய விதிகள் கடுமையாகின.

மாணவர்களிடம் இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். மேடைத் தொழில்நுட்பம் என்பதை அலங்காரத்துக்கான துணைவேலை என்று நினைத்து வருகிறவர்களுக்கு, தலைக்கு மேலே தொங்கும் விளக்குகளின் எடையும், இருட்டில் நகரும் அரங்கமும், நூற்றுக்கணக்கானவர்களின் உயிரும் அவர்கள் கையில் இருப்பது புரிய வேண்டும். அந்தப் பொறுப்பைப் புத்தகத்தில் மட்டும் படித்து ஏற்க முடியாது. கயிறு கட்டவும், எடை சமன்படுத்தவும், மின்சாரம் கணக்கிடவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தர வேண்டும். இந்த ஒரு துறையில், முறையான படிப்புக்கும் தானாகக் கற்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

படிப்பும் சுவையானதுதான். ஒளியமைப்புப் பலகை விளக்குகளோடு பேசும் டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை 1986-இல் வகுக்கப்பட்டது. ஒரு தொடரில் 512 தடங்கள் வரை கட்டுப்படுத்தலாம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் ஒளியமைப்பாளர் கற்பது பலகையை மட்டுமா? ஒரு முகத்தில் பக்கவாட்டில் ஒளி விழுந்தால் உடம்புக்கு வடிவம் வரும், மேலிருந்து மட்டும் விழுந்தால் கண்கள் குழிக்குள் போய்விடும். இதை ஓவியம் பார்த்தும், மாலை வெயில் பார்த்தும் கற்கிறார்கள். மேடை நிர்வாகியோ, எந்தச் சொல்லில் எந்தக் கியூ (விளக்கோ ஒலியோ மாற வேண்டிய குறிப்பு), யார் எந்தப் பக்கம் நுழைகிறார், எந்தப் பொருள் எந்த மேஜையில் என்று நாடகத்தின் மொத்த மூளையையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார். அவர் காய்ச்சலில் விழுந்தாலும் அந்தக் கோப்பைப் பார்த்து இன்னொருவர் அன்றைய காட்சியை நடத்திவிட முடிய வேண்டும். கோப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைவிட வேறு சோதனை இல்லை.

நேரம்தான் விலை. தொழில்முறை அரங்குகளில் தொழில்நுட்ப ஒத்திகை நாள்களைப் ‘பன்னிரண்டில் பத்து’ என்பார்கள். பன்னிரண்டு மணி நேர நாளில் பத்து மணி நேர வேலை என்று பொருள். நடிகர்களுக்கே அவ்வளவு என்றால், அதற்கு முன்னும் பின்னும் விளக்குகளைச் சரிசெய்கிறவர்களுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கை இங்கே வேறு மாதிரி. ஆடிஷனுக்குப் பதில் போர்ட்ஃபோலியோவும் நேர்காணலும். பள்ளி நாடகத்துக்கு வரைந்த படம், தைத்த உடையின் புகைப்படம், எழுதிய கியூ பட்டியல் எல்லாம் செல்லும். தவறிப்போன ஒன்றைக் கொண்டுபோய், ஏன் தவறியது என்று விளக்கினாலும் மதிப்பார்கள். வேலையைப் பொறுத்தவரை, இந்தத் திறமைகள் நாடகத்தோடு நிற்பவை அல்ல. இசை நிகழ்ச்சி, ஓபரா, நடனம், தொலைக்காட்சி, கண்காட்சி, பெரிய கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் இவர்கள் வேண்டும். “படித்துவிட்டு என்ன செய்வாய்?” என்ற கேள்விக்கு நான்கு வழிகளிலும் நேரடியான பதில் இருப்பது இதற்குத்தான். இயல்பாகவே ஒழுங்கும், பொறுமையும், இருட்டில் நிதானமும் உள்ள பிள்ளையை நடிப்புக்குத் தள்ளுவது எனக்கு வேதனையாக இருக்கும்.

வேறு பட்டம், மாலையில் நாடகம்

அகஸ்டோ போவால் பிரேசிலில் வேதிப் பொறியியல் படித்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பைத் தொடரப் போனவர், அங்கே நாடகமும் சேர்த்துப் படித்தார். ஊர் திரும்பி 1956-இல் சாவோ பாலோவில் நாடகக் குழுவில் இயக்குநரானார். பார்வையாளர்களையும் நாடகத்துக்குள் இழுக்கும், ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்று உலகெங்கும் பேசப்படும் முறை அவரிடமிருந்து வந்தது. வங்காள நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் கட்டடப் பொறியாளர், நகரத் திட்டமிடுபவர். 1967-இல் சதாப்தி என்ற குழுவைத் தொடங்கினார். மேடையையும் டிக்கெட்டையும் விட்டு, பார்வையாளர்களுக்கு நடுவே நாடகத்தைக் கொண்டுவந்த மூன்றாம் அரங்கு அவருடையது.

இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வீட்டில் பலரும், “முதலில் ஒரு பட்டம் வாங்கு, நாடகத்தை அப்புறம் பார்க்கலாம்” என்கிறார்கள். அறிவுரை கெட்டதல்ல. நடிப்புக்கோ இயக்கத்துக்கோ வேலை கொடுப்பவர் சான்றிதழைக் கேட்பதில்லை, நீங்கள் செய்து காட்டுவதைத்தான் பார்க்கிறார். பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியராகவும், நாடகச் சிகிச்சையாளராகவும் வேண்டுமானால்தான் பட்டம் அவசியம். சிகிச்சைக்கு முதுநிலைப் பயிற்சியே தேவைப்படும். வேறு பட்டம் வாங்கிவிட்டு வருகிறவர்களுக்கு என்றே அமைந்த நல்ல பயிற்சிகளும் இருக்கின்றன. 1959-இல் தொடங்கிய புது தில்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டு டிப்ளமாவுக்கு ஏதாவது ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும், நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும். பாரிஸில் ழாக் லெக்காக் 1956-இல் தொடங்கிய பள்ளி இரண்டாண்டுப் பயிற்சி. அங்கே முதலாண்டு முடித்தவர்களில் ஒரு பகுதியினரே அடுத்த ஆண்டுக்குப் போகிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, 2021-இல் டேவிட் கெஃபன் அளித்த 15 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு, முழுநேர மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இளநிலையில் பெருங்கடன் வாங்குவதற்கு முன் இந்தச் செய்தியை யோசித்துப் பாருங்கள். நல்ல பயிற்சி எல்லாம் பதினெட்டு வயதிலேயே வாங்கியாக வேண்டியது இல்லை.

ஆனால் ‘அப்புறம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். போவாலும் சர்க்காரும் நாடகத்தை அப்புறம் பார்க்கவில்லை. பொறியாளராக இருந்த அதே காலத்தில் சர்க்கார் நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். தேசிய நாடகப் பள்ளி கேட்கும் அனுபவமும் பட்டப்படிப்பு நடக்கும்போதே சேர்க்க வேண்டியதுதான். ஆய்வகமும் தேர்வும் மிகுந்த பாடத்தில் இருந்துகொண்டு வாரம் நான்கு மாலை ஒத்திகைக்குப் போக முடியுமா என்பதை அந்தப் பாடத்தின் மூத்த மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருடத்துக்கு இரண்டு நாடகமாவது போடும் குழு ஒன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தால் இந்த வழி நல்ல வழி. குழுவே இல்லாத இடத்தில் வேறு பட்டம் எடுத்தால், நாடகம் ஆசையாகவே நின்றுவிடும்.

இரட்டைப் பாடமும் துணைப்பாடமும் நடுவழி. இரட்டைப் பாடம் படிக்க முடியும், ஆனால் ஒத்திகைகளும் இன்னொரு துறையின் ஆய்வக நேரங்களும் மோதாமல் இருக்க வேண்டும். துணைப்பாடம் எடுக்கிறவர்களை நாடகங்களில் சேர்ப்பார்களா, இல்லை முதன்மை மாணவர்களுக்கு மட்டும்தானா என்பதை முதலில் கேளுங்கள். மட்டும்தான் என்றால் அந்தத் துணைப்பாடம் எனக்கு உதவாது.

எனக்குத் தோன்றுவது

நடிப்பைத் தவிர வேறெதிலும் மனம் நிற்கவில்லை, அதிலும் பாட்டோ நடனமோ உடம்பில் ஏற்கனவே இருக்கிறது, சிறிய வகுப்பில் இடமும் கிடைக்கிறது, கடன் கழுத்தை நெரிக்காது என்றால் தொழில்முறைப் பயிற்சிக்குப் போங்கள். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் நான் தயங்குவேன். கடன் விஷயத்தில் மிகவும் தயங்குவேன். நடிகரின் முதல் சில ஆண்டுகளுக்குச் செலவைச் சுருக்கி வாழும் சுதந்திரம் வேண்டும். மாதத் தவணை அந்தச் சுதந்திரத்தைத்தான் முதலில் பறிக்கும்.

கையில் சுத்தியலோ ஊசியோ கிடைத்தால் நேரம் போவதே தெரியாதவர்கள் தயக்கமின்றிப் பின்னரங்கப் படிப்பை எடுக்கலாம்.

மற்றவர்கள், அதாவது நாடகம் பிடிக்கும், எந்த மூலை என்று இன்னும் தெரியாது என்பவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கு நான் சொல்வது நிறைய நாடகம் போடும் சிறிய பி.ஏ. துறை. பெரிய பெயரும், எண்ணூறு இருக்கை அரங்கமும், ஆண்டுக்கு மூன்றே தயாரிப்பும் உள்ள துறையைவிட, கறுப்புச் சுவர் வைத்த ஒற்றை அறையில் ஆண்டுக்குப் பத்து நாடகம் போடும் துறை மேல். அறுபது பேர் பார்க்கும் நாடகத்திலும் கியூ தவறினால் இருட்டுதான். கற்பது அந்த இருட்டில்தான்.

சேருவதற்கு முன் முடிந்தால் நேரில் போய் ஒரு மாணவர் நாடகம் பாருங்கள். திரை விழுந்ததும் கிளம்பிவிடாமல் ஓரமாக நில்லுங்கள். கடைசிக் காட்சியாக இருந்தால் அன்றிரவே அரங்கைக் கலைப்பார்கள். நாயகியாக நடித்தவர் ஒப்பனையைத் துடைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு பலகை தூக்க வருகிறாரா, அல்லது அந்த வேலை எப்போதும் அதே நான்கு பேர் தலையில் விழுகிறதா என்று பார்க்கலாம்.

நேரில் போக முடியாதவர்கள், துறைக்கு எழுதி, கடந்த இரண்டு ஆண்டுகளில் போட்ட எல்லா நாடகங்களின் நிகழ்ச்சித் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். நடிகர்கள் பட்டியலோடு நிற்காமல் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை பாருங்கள். எத்தனை வெவ்வேறு மாணவர் பெயர்கள் வருகின்றன? அதில் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் எத்தனை பேர்? ஒரே பெயர் ஒரு தாளில் நடிகராகவும் அடுத்த தாளில் ஒலி இயக்குபவராகவும் வருகிறதா? இயக்குநர் என்ற இடத்தில் மாணவர் பெயர் எப்போதாவது இருக்கிறதா, எல்லாத் தாளிலும் பேராசிரியர் பெயர்தானா? ஒரு பென்சிலை எடுத்து எண்ணத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.